பாலோவில் நின்ற மெயில் வண்டி

மலாயாவில் ஜொகூர் ரயில் பாதை போட்டு முடித்துச் சில வருஷம் கழித்துத்தான் நான் ரயில்வேயில் சேர்ந்தேன். அதனால் பாதை போட்ட கதை எனக்குக் கேள்விதான். கெமாஸில் தொடங்கித் தெற்கே வந்து ஜொகூர் பாரு கடற்கரையில் முடிகிற அந்த ஒற்றைத் தண்டவாளத்தை எப்படி அந்தக் காட்டுக்குள் நுழைத்தார்கள் என்று, மண் சுமந்தவர்கள் சிலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானத்திலும் வெயில் தரையைத் தொடாதாம். வெட்டிய மரம் விழ இடமில்லாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து நிற்குமாம். காய்ச்சலில் போனவர்களைப் பாதையோரத்திலேயே புதைத்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி வேலையைத் தொடங்குவார்களாம். தந்திக் கம்பம் நட்ட பிறகு யானைகள் வந்து முதுகைத் தேய்த்துக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போகும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்ற ஊர்களில் முதலில் ஊர் இருக்கும், பிறகு ஸ்டேஷன் வரும். எங்கள் பாதையில் பல இடங்களில் ஸ்டேஷன்தான் முதலில் வந்தது. ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பெயர் எழுதிய பலகை. அதைப் பார்த்து ஒரு சீனர் கடை போடுவார். ரப்பர்த் தோட்டக்காரர் வந்து காட்டை அளப்பார். ஆட்கள் வருவார்கள். ரெங்கம், பாலோ, குளுவாங் எல்லாம் என் கண்ணெதிரில் அப்படித்தான் வளர்ந்தன. நான் முதலில் இறங்கியபோது குளுவாங்கில் ஒரு தெருவுக்கு மேல் கிடையாது.

என் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்து, ஜொகூர் பாருவில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளியில் என்னை இங்கிலீஷ் படிக்க வைத்தார். பத்தொன்பது வயதில் தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த முதல் ஸ்டேஷன் பாலோவுக்கும் குளுவாங்குக்கும் நடுவில் இருந்தது. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் செய்த தவறுக்கு அந்த இடம் பொறுப்பில்லை.

பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. முன்னறையில் ஒரு மேசை, தந்திக் கருவி, ஒரு கடிகாரம். பின்னறையில் என் கட்டில். எனக்குத் துணையாக ஒரு மலாய்க்காரர், பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். கைகாட்டியை இறக்குவது, விளக்கு துடைப்பது, வண்டி வந்தால் கொடி காட்டுவது எல்லாம் அவர்தான். மலாயில் பெரியவர்களை மரியாதையாக அழைக்கிறபடி நான் அவரை 'பாக்' என்று கூப்பிடுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வண்டி வருவதை, தண்டவாளத்தில் காலை வைத்தே சொல்லிவிடுவார்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வரக் கூடாது. அதனால் ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும் முன்னால், அடுத்த ஸ்டேஷனைத் தந்தியில் கேட்க வேண்டும்: பாதை காலியா? அங்கே இருப்பவர் காலி என்று பதில் அடித்த பிறகுதான் 'லைன் கிளியர்' சீட்டை எழுதி, அதைப் பிரம்பு வளையத்தில் செருகி டிரைவர் கையில் கொடுக்கலாம். அந்தச் சீட்டு இல்லாமல் எந்த வண்டியும் நகராது. சீட்டு கையில் இருந்தால் டிரைவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

வடக்கே பாலோவில் தந்தி மேசையில் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் கை தெரியும். தந்தி அடிக்கிறவர்களுக்குக் கையெழுத்து மாதிரியே ஒரு கை உண்டு. ஒருவர் புள்ளியை வெட்டி அடிப்பார், ஒருவர் கோட்டை இழுப்பார். பாலோக்காரர் கை வேகமானது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு சின்ன இடைவெளி விடுவார், எதிரில் இருப்பவன் மூச்சு விடட்டும் என்பது மாதிரி. புதிதாக வந்த எனக்கு அந்த இடைவெளி பெரிய உதவியாக இருந்தது.

நான் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம், சரக்கு வண்டி போன பிறகு, அவர் ஏதோ ஏழு எழுத்து அடித்தார். இங்கிலீஷில் அப்படி ஒரு சொல் இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று திரும்ப அடிக்கச் சொன்னேன். அதே ஏழு எழுத்து. தாளில் எழுதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. 'சாப்டியா' என்று தமிழில் கேட்டிருக்கிறார், இங்கிலீஷ் எழுத்தில். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சோறு, சம்பால், கருவாடு என்று பதில் அடித்தேன்.

அது சட்டப்படி தப்பு. கம்பியில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது. ஆனாலும் சரக்கு வண்டி போனதும் அந்தக் கேள்வி தினமும் வந்தது. ரொட்டியும் டீயும் என்று நான் பதில் சொன்னால் அன்றைக்குத் திட்டு விழும். மெல்ல மெல்ல அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நாகூர்க்காரர், முஸ்லிம். அவர் மாமா ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர்கள் பக்கம் அண்ணனை 'நானா' என்று கூப்பிடுவது வழக்கம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருமுறை சரக்கு வண்டியின் கார்டு கையில் ஒரு ஊறுகாய் ஜாடி கொடுத்தனுப்பினார். அது காலியாகும்வரை காட்டுக்குள் இருக்கிறோம் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

காய்ச்சல் அந்தப் பாதையில் இருந்த எல்லோருக்கும் வரும். கொயினா மாத்திரை கொடுத்திருந்தார்கள். தின்றால் காதுக்குள் இரைச்சல் கேட்கும். தந்தி கேட்கிறவனுக்கு அது பெரிய தொல்லை. அதனால் நான் சில நாள் தின்பேன், பல நாள் தின்ன மாட்டேன். இதை யார் மேலும் சாட்ட முடியாது.

நான் அங்கே போய் ஒரு வருஷம் ஆகியிருந்த மழைக்காலத்தில் ஒரு காலை, எழுந்திருக்கும்போதே பல் கிட்டியது. இரண்டு போர்வை போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. பாக் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"தோட்டத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து மருந்து குடுக்கிற டிரஸ்சரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார் மலாயில்.

"வேண்டாம். மெயில் வரப்போகுது. நீங்க இல்லாம முடியாது."

"மெயில் மத்தியானம்தானே. அதுக்குள்ள வந்துருவேன்."

வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். அவர் வாழையிலை ஒன்றைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். தோட்டம் மூன்று மைலுக்கு மேல்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பாதையைப் பழுது பார்க்கிற கூட்டத்தின் மேஸ்திரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நெடுநெடுவென்று உயரம். பாலோவுக்குப் போகிற வழியில் ஒரு மதகுக்கு அடியில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துவிட்டது, ஒரு தண்டவாளத்தைக் கழற்றினால்தான் சரிசெய்ய முடியும் என்றார். தாளை நீட்டினார். அவர் ஆள் அனுப்பிச் சொல்லும்வரை அந்தப் பாதை அடைப்பு என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும், கையெழுத்துப் போட்டதும் நினைவிருக்கிறது.

"பாலோவுக்கு நீங்க சொல்லிருவீங்கல்ல?" என்று கேட்டார்.

"இப்பவே அடிக்கிறேன்" என்றேன்.

அடித்துவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. விரல் கருவியைத் தொட்டதுகூட நினைவில் இருக்கிறது. ஆனால் நான் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நேராகத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பாலோவில் தெற்கே போகிற மெயில் வந்து நின்றது. நானா என்னிடம் லைன் கிளியர் கேட்டார். நான் உடனே கொடுத்தேன். அவர் சீட்டை எழுதத் தொடங்கினார். பாதி எழுதும்போது கை நின்றுவிட்டதாம். நான் அடித்த எழுத்துகள் சரிதான், ஆனால் ஒரு கோடு நீளமாக, ஒரு கோடு குட்டையாக, நடுவில் தூங்கி விழுகிறவன் எழுதிய மாதிரி இருந்தன. ஒரு வருஷமாகத் தினமும் கேட்ட கை அது. இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஏழு எழுத்தை அடித்தார்: சாப்டியா?

நான் பதில் அடித்தேன்: லைன் கிளியர்.

மறுபடி கேட்டார். லைன் கிளியர் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது பதிலே வரவில்லை.

பாலோ ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கறாரானவர். கடிகாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தபடி உள்ளே வந்திருக்கிறார்.

"என்ன காணும், லைன் கிளியர் கிடைச்சிட்டுது எண்டு சொன்னீர். பிறகு ஏன் மெயில் நிக்குது?"

"கை சரியில்ல சார்."

"ஆற்ற கை?"

"அடுத்த ஸ்டேஷன் தம்பி கை. அவன் இப்படி அடிக்க மாட்டான். அங்க என்னமோ நடந்திருக்கு."

"கை சரியில்லையெண்டு நான் மேலிடத்துக்கு எழுதேலுமே?"

"முடியாதுதான் சார். ஆனா இந்தச் சீட்ட நான் டிரைவர்கிட்ட குடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க குடுங்க."

வேலையில் சேர்ந்து சில வருஷமே ஆன ஒருவர், ஸ்டேஷன் மாஸ்டரிடம் அப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. வெளியே வெள்ளைக்கார டிரைவர் எஞ்சினிலிருந்து தலையை நீட்டி என்ன தாமதம் என்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு மேசையிலிருந்த சீட்டை எடுத்து மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ட்ரொல்லியை எடுத்துக்கொண்டு போய்ப் பாரும். கேட்டால் நானும் கையெழுத்துப் போடுறன்" என்றார்.

ட்ரொல்லி என்பது நாலு சக்கரம் வைத்த பலகை. ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். தள்ளுகிறவர்கள் இரண்டு பேர், அவர்களோடு கையில் சிவப்புக் கொடியுமாக நானா. மழை விட்டபாடில்லை. பாதி வழியில் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் மதகு. தண்டவாளம் ஒன்று கழற்றிப் பக்கத்தில் கிடந்தது, ஆட்கள் கீழே இறங்கிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வளைவுக்கு முன்னால் சிவப்புக் கொடி நட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் அது நனைந்து குச்சியோடு சுற்றிக்கொண்டிருந்தது. மெயில் டிரைவர் கண்ணில் அது எப்போது பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி ஏறி வந்து, "பாலோவுக்குச் சொல்லியாச்சுன்னுல்ல வேல செய்யிறோம்" என்றாராம்.

நானா ட்ரொல்லிக்காரர்களைச் சேதியோடு பாலோவுக்குத் திருப்பி அனுப்பினார். அவர் மட்டும் மதகைக் கால்நடையாகத் தாண்டி மீதித் தூரத்தை ஓடியே வந்தார். நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். மேஸ்திரி கொடுத்த தாள் என் கைக்கு அடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நானா என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து பாலோவுக்குத் தந்தி அடித்தார். தண்டவாளத்தைப் பூட்டி முடிக்கும்வரை மெயில் அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார். அந்தச் சமயத்தில்தான் பாக் தோட்டத்து டிரஸ்சரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் இடுப்புவரை சேறு.

டிரஸ்சர் பார்த்துவிட்டு, மருந்து கொடுக்கிறேன், ஆனால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் ஆள் தங்காது என்று சொல்லியிருக்கிறார். மெயில் கடைசியில் வந்து நின்றதும் என்னை மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏற்றினார்கள்.

அந்தப் பயணம் எனக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. ஒரு பலகை இருக்கை முழுவதையும் எனக்காகக் காலி செய்தார்கள். ஒரு சீன அம்மா ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாரோ தன் சாரோங்கை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தார்கள். எஸ்டேட் பெண் ஒருத்தி, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலோவில் அவர்கள் எவ்வளவு நேரம் புழுங்கிக்கொண்டு காத்திருந்தார்களோ, அதற்குக் காரணம் நான்தான். அவர்களுக்கு அது தெரியாது. அந்தப் பெட்டியில் இருந்த ஒருவரையும் பிறகு நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. என் வேண்டுதலில் அவர்களைச் சேர்க்காத நாள் இல்லை.

குளுவாங் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். முதல் வாரம் முடிந்து கண் தெளிந்தபோது, குள்ளமாக ஒல்லியாக ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்றார். ஆள் அளவுக்குப் பொருந்தாத கனத்த குரல்.

"என்ன தம்பி, ஆளத் தெரியுதா?"

தெரியவில்லை. அவர் கட்டில் சட்டத்தில் விரலால் அந்த ஏழு எழுத்தைத் தட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல உயரமான ஆளாக இருப்பார் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

போகும்போது குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "மெயில ஏன் நிறுத்தினேன்னு எழுத்துல கேட்டிருக்காங்க. மழையில கம்பி கெட்டுப் போச்சு, உன் சேதி பாதி பாதியாத்தான் வந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதையே சொல்லிரு."

"ஸ்டேஷன் மாஸ்டர்?"

"அவரு ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. நீ ஒடம்பப் பாரு."

சரி என்று தலையாட்டினேன். வேலை போகாது, நானாவுக்கும் தொல்லை இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து மேஸ்திரி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தனக்குத் தெரிந்த ஆள் காய்ச்சலில் கிடக்கிறான் என்று பார்க்க வந்தார், அவ்வளவுதான். அவரும் கம்பி கெட்டுப்போனதாகத்தான் கேள்விப்பட்டிருந்தார். "நல்ல நேரம், கம்பி கெட்டதும் நல்லதுக்குத்தான்" என்றார். பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார். என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை.

"கம்பி கெடல மேஸ்திரி. நான் பாலோவுக்குச் சொல்லவே இல்ல. அவரு கேட்டப்ப பாதை காலின்னு அடிச்சிட்டேன்."

அவர் பழத்தோலைக் கட்டில் ஓரமாக வைத்தார்.

"மதகுக்குள்ள என் தம்பி இருந்தான். அவன் பொஞ்சாதி மேல நின்னு கல்லு எடுத்துக் குடுத்துகிட்டிருந்தா" என்றார். பிறகு, "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகும் தம்பி? கேக்க வேண்டியவங்க வேற எடத்துல இருக்காங்க" என்றார்.

எழுந்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "பழத்தச் சாப்பிடுங்க. கொயினாவ ஒழுங்கா முழுங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரி எழுத்தரிடம் தாள் வாங்கி, மேலதிகாரிக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். கொயினா தின்னாததையும் எழுதினேன். மேஸ்திரி தாளில் நான் கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன். பாலோக்காரர் பொய் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான், அதற்கு அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று முடித்தேன். சேதி தெரிந்து நானா கோபமாக வந்தார்.

"உன்ன யாரு உண்மையச் சொல்லச் சொன்னது? இப்ப ரெண்டு பேர் வேலையும் போகும்."

"மேஸ்திரி தம்பி மதகுக்குள்ள இருந்தானாம் நானா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை.

இரண்டு பேரையும் ஜொகூர் பாருவுக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி வெள்ளைக்காரர், தலை நரைத்தவர். அவர் முன்னால் எங்கள் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நானாவைப் பார்த்துக் கேட்டார்: "கம்பி நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் மெயிலை எதை வைத்து நிறுத்தினாய்?"

"கையை வைத்து, சார்."

"தந்தியில் அடிக்கிறவன் யார் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் நம்பவில்லை. நானாவைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து தந்திக்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, என்னையும் அவர்களோடு சேர்த்து, ஒவ்வொருவராக ஒரே வாக்கியத்தை அடிக்கச் சொன்னார். என் முறை மூன்றாவதாக வந்தது. உடம்பு இன்னும் தேறவில்லை, கை நடுங்கியது. நடுக்கத்தில் என் கை மாறிப்போயிருக்குமோ என்று எனக்கே பயம். நான் நாலு எழுத்து அடித்திருப்பேன், நானா திரும்பாமலே, "இதுதான் சார். இன்னும் சரியா சாப்பிடலை போலிருக்கு" என்றார்.

மேலதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. என்னைத் தந்தி மேசையிலிருந்து எடுத்துவிட்டு, ஜொகூர் பாருவில் பார்சல் குமாஸ்தாவாகப் போட்டார்கள். இனி வண்டி ஓட்டத்தில் எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. நானாவுக்கு வந்த கடிதத்தில், பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு ஒரு கண்டிப்பும், மெயிலை நிறுத்தியதற்கு ஒரு பாராட்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டார். பாலோ ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒன்றும் வரவில்லை. பாராட்டும் வரவில்லை. அவர் பையில் போட்டுக்கொண்ட அந்தச் சீட்டை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. பாலோவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இறங்கி அவருக்கு வணக்கம் சொல்வேன். "சுகமாயிருக்கிறீரோ" என்பார், அவ்வளவுதான்.

தண்டனை என்று நினைத்துத்தான் ஜொகூர் பாருவுக்குப் போனேன். அப்போது பாதை கடற்கரையோடு முடிந்தது. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இறங்கி நீராவிப் படகில் ஏற வேண்டும். சரக்குப் பெட்டிகளைத் தண்டவாளம் பதித்த தெப்பங்களில் உருட்டி ஏற்றி அக்கரைக்கு இழுப்பார்கள். அலை கொஞ்சம் உயர்ந்தாலும் எல்லாம் நின்றுபோகும், பார்சல் மூட்டைகள் என் தலைக்கு மேல் குவியும். அந்தப் படகுத் துறையில் பெட்டி தவறவிட்டுத் தேடி வந்த ஒரு குடும்பத்தின் மூத்த பெண்ணைத்தான் பிறகு நான் கோயிலில் கைப்பிடித்தேன். பெட்டி மூன்றாம் நாள் கிடைத்தது. காட்டு ஸ்டேஷனிலேயே இருந்திருந்தால் இதெல்லாம் எனக்கு ஏது?

கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிக் கரை போட்டு, அதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது படகுகள் நின்றன. என் வேலையும் போகுமோ என்று பயந்தேன், போகவில்லை. ஜனங்கள் ஏறிய முதல் வண்டிகளில் ஒன்றில் நானா வந்து, என்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார். பெட்டிக்குள் இருந்தபடியே இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தோம். மதகு மாதிரி ஓரிடம் வந்தபோது நானா ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் பல பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதைக் கூட்டத்தில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். மேஸ்திரியும் அவர் தம்பி குடும்பமும் போன நாளில் அவர்கள் மூட்டைகளை நானே சீட்டு எழுதி ஏற்றினேன். குடும்பத்தோடு முழுசாக ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. வேறு ஒருவரிடம் சொல்லி எழுதிய கடிதம். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பாக் அதற்கு முன்பே ஓய்வு பெற்று மூவார்ப் பக்கம் தன் கம்பத்துக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்குப் போய்விட்டார். வருஷம் ஒருமுறை டூரியான் காலத்தில் அவரிடமிருந்து என் பெயருக்கு ஒரு கூடை வரும். அந்த ஒரு பார்சலை மட்டும் நான் யார் கையிலும் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

நானாவும் அந்த வருஷங்களில் ரயில்வேயை விட்டார். அவரை யாரும் அனுப்பவில்லை. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, கடையைப் பார்க்க ஆள் இல்லை. இப்போது ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில், அவருக்காகக் கோயிலில் ஒரு பூசை வைக்கிறேன். முதல் தடவை வைத்தபோது தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"வெச்சா என்ன?" என்றார். "அங்கயும் எனக்கு ஒரு ஆள் இருக்கட்டும்."

என் மூத்த மகள் இந்த வருஷம் ரெங்கத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் அவளை வண்டி ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, வண்டி சீக்கிரம் கெளம்புமா?" என்று கேட்டாள். கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பும் என்றேன். கார்டு கொடி காட்டினார். கடைசிப் பெட்டி மறைந்த பிறகு கடைக்குப் போனேன். நானா டீயை என் முன்னால் வைத்துவிட்டு, முழங்கால் வலி பற்றி அரை மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.